ரிக்டர் கிடைத்த பியானோவில்தான் வாசித்தாராமே, உண்மையா? (எங்கள் வீட்டு ஒட்டுகிற கட்டை விஷயமும் இருக்கிறது)

கடலோரத்தான் | வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 9:12

வணக்கம். இசைப் பகுதியில் இது என் முதல் இழை. இடம் மாறிப் போட்டிருந்தால் மட்டுறுத்துநர் நகர்த்திவிடுங்கள்.

மகளுக்கு 13 வயது. லண்டன் கிரேட் 5 பரீட்சை எடுக்கப் போகிறாள். வீட்டில் இருப்பது மனைவியின் பெரியம்மா கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய அப்ரைட் பியானோ, சுவரோரமாக நிமிர்ந்து நிற்கிற வகை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். யன்னல் கம்பிக்கு எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் துருப் பிடிக்கிற இடம். பியானோ மட்டும் தப்புமா? மழை பிடித்தால் நடு சி-க்கு மேலே இருக்கிற எஃப் கட்டை அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கும். பிள்ளை வாசித்துக்கொண்டே இடது கையை நீட்டி, சின்ன விரல் நகத்தால் அதை நெம்பி எழுப்பிவிடப் பழகிவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு அதுவும் வாசிப்பில் ஒரு பகுதி என்றுதான் தோன்றும்.

போன கிழமை ரீச்சர் சொல்லிவிட்டார், இந்தப் பியானோவோடு பிள்ளை முன்னேறாது, வேறு பாருங்கள் என்று. புதுசின் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

இப்போது மகள் யூடியூபில் ரிக்டர் என்று ஒருவரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இருட்டு மேடை, ஒரே ஒரு சின்ன விளக்கு, ஒரு வயதான மனிதர். "அப்பா, இவர் பியானோவைத் தெரிவு செய்யவே மாட்டாராம், இருக்கிறதில் வாசிப்பாராம்" என்கிறாள். ரீச்சருக்குக் காட்ட ஆதாரம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. நான் கணக்காளன். எனக்குத் தெரிந்த ரிக்டர் நிலநடுக்கம் அளந்தவர். இவர் யார்? பிள்ளை சொல்வது மெய்தானா?

கொட்டாஞ்சேனைப்பொடியன் | ஞாயிறு இரவு 9:20

இவர் வாசித்தாலும் கொஞ்சம் நிலம் ஆடத்தான் செய்யும் அண்ணே. ரஷ்ய இசையமைப்பாளர் புரொகோஃபியெவின் ஏழாவது சொனாட்டா (தனிப் பியானோவுக்கான பெரிய உருப்படி) இருக்கிறதே, அதன் கடைசிப் பகுதியைப் போட்டுப் பாருங்கள். பக்கத்து ஃபிளாட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மெலோடியாத்தட்டு | தெகிவளை | ஞாயிறு இரவு 10:05

தம்பி, உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் சரி. பெரும்பாலும் என்றதைக் கவனியுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் 1915 மார்ச் 20இல் ஷிதோமிரில் பிறந்தவர். இன்றைக்கு அது உக்ரைன், அன்றைக்கு ரஷ்யப் பேரரசு. வளர்ந்தது ஒடெசாவில், கருங்கடல் ஓரத்தில். (அவரும் கடலோரத்தான்தான்.) அப்பா தியோஃபில் ஜெர்மன் வம்சத்தவர், வியன்னாவில் படித்த பியானோக்காரர், ஒடெசாவில் லுத்தரன் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தும் பிள்ளை முறையாகப் படித்ததில்லை. ஸ்கேல் பயிற்சி எல்லாம் அவருக்குப் பிடிக்காது. ஒபராவின் (பாட்டு நாடகத்தின்) இசைத்தாளை முன்னால் வைத்து, முழு வாத்தியக்குழுவும் பாடகர்களும் பத்து விரலுக்குள் இருப்பதுபோல வாசித்துக்கொண்டிருப்பாராம். 15 வயதில் ஒடெசா ஒபராவில் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கும் வேலை. 1934இல் முதல் தனிக்கச்சேரி, முழுக்க ஷோப்பான் என்ற இசையமைப்பாளரின் உருப்படிகள்.

மாஸ்கோவுக்குப் போனது 1937இல், 22 வயதில். ஹைன்ரிஹ் நெய்காவுஸ் என்ற பெரிய ஆசானிடம் வாசித்துக் காட்டினார். நெய்காவுஸ் பக்கத்தில் இருந்த மாணவியின் காதில், இவன் மேதை என்று நினைக்கிறேன் என்றாராம். எங்கள் ஊரில் 22 வயதில் ஒருவன் ஒரு பரீட்சைகூட எடுக்காமல் வந்து "பியானோ வாசிக்கப் போகிறேன்" என்றால், முதலில் ஒரு பாங்க் வேலையைப் பார் ராசா என்றிருப்போம். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) அரசியல் பாடத்துக்குப் போகமாட்டேன் என்று நின்று வெளியேற்றப்பட்டார், அதுவும் ஒருதரம் இல்லை. நெய்காவுஸ்தான் திரும்பச் சேர்த்தார். தங்க இடம் இல்லாமல் அவர் வீட்டில் பியானோவுக்கு அடியிலேயே படுத்தும் இருக்கிறார்.

1943இல் புரொகோஃபியெவின் ஏழாவது சொனாட்டாவை நாலே நாளில் மனப்பாடம் செய்து முதன்முதலாக மேடையில் வாசித்தார். ஒன்பதாவதைப் புரொகோஃபியெவ் இவருக்கே சமர்ப்பித்தார். மேற்கு நாடுகளுக்கு விட்டது 1960இல்தான். அதற்கு முன்னால் அமெரிக்கா போன இன்னொரு சோவியத் பியானோக்காரர் எமில் கில்லெல்ஸைப் புகழ்ந்தவர்களிடம், பொறுங்கள், ரிக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றாராம் கில்லெல்ஸ். இருவரும் நெய்காவுஸின் மாணவர்கள். ஒரே ஆசானிடம் படித்த வித்துவான்கள் ஒருவரையொருவர் இப்படிச் சொல்வது நம் சபாக்களில் எத்தனை தரம் நடந்திருக்கிறது என்று யோசியுங்கள்.

இனி உங்கள் கேள்வி. அமெரிக்காவில் கச்சேரிக்கு முன்னால் பல பியானோக்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டார்களாம். அதனாலேயே கெட்டுப்போனேன் என்று பிற்காலத்தில் சொன்னார். இது நல்லதா அது நல்லதா என்று யோசிக்கத் தொடங்கினால் வாசிப்புப் போச்சு என்பது அவர் கட்சி. புனித பேதுரு தண்ணீர் மேல் நடந்ததை உதாரணம் காட்டுவார். நம்பினால் நடக்கலாம். சந்தேகப்பட்ட இடத்திலேயே தாழ வேண்டியதுதான்.

ரீச்சரக்கா | பம்பலப்பிட்டி | ஞாயிறு இரவு 10:48

ரிக்டரை ஆதாரமாகக் கொண்டுவருகிற பிள்ளைகள் எனக்கு வருஷத்துக்கு ஒன்றாவது கிடைக்கும். போன வருஷம் ஒரு பெடியன், "ரிக்டர் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பழகமாட்டாராம் ரீச்சர்" என்றான். அவன் பழகுவது இருபது நிமிஷம்.

மெலோடியா அண்ணை, நீங்கள் "பிறகு வருகிறேன்" என்று விட்ட இடத்துக்கு நானே வருகிறேன். பிற்காலத்தில் ரிக்டர் வாசித்தது எதில்? யமஹா கிராண்டில். 1986இல் சைபீரியா முழுக்க ஆறு மாதம் சுற்றி ஏறக்குறைய 150 கச்சேரி கொடுத்தார், ஒழுங்கான மண்டபம்கூட இல்லாத சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஆனால் தன் யமஹாவையும் கூடவே கொண்டுதான் போனார். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கடலோரத்தான், உங்கள் மகளின் ரீச்சர் சொன்ன முறை கடுமையாக இருக்கலாம். ஆனால் அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. பிள்ளை சின்ன விரலால் நெம்புகிறாள் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பரீட்சை மண்டபத்தில் நல்ல பியானோ இருக்கும். எஃப் தானாகவே எழும்பும். ஆனால் இடது கை பழக்கத்தில் அங்கே போய்விடும், போன கை தன் இடத்துக்குத் திரும்பப் பிந்தும். பியானோ பழசு என்பது பிரச்சினை இல்லை. பழுதான பியானோ கையைப் பழுதாக்குவதுதான் பிரச்சினை.

கொட்டாஞ்சேனைப்பொடியன் | ஞாயிறு இரவு 10:52

சைபீரியாவுக்குப் பியானோ தூக்கிக்கொண்டா? எங்கள் வீட்டில் அலுமாரியை மேல்மாடிக்கு ஏற்ற நாலு பேரும் இரண்டு சண்டையும் தேவைப்பட்டது.

மெலோடியாத்தட்டு | தெகிவளை | ஞாயிறு இரவு 11:15

ரீச்சர் பிடித்துவிட்டார். நான் மறைக்க நினைக்கவில்லை, இருட்டிவிட்டதால் சுருக்கினேன்.

ஆனால் எதிர்ப்பக்கமும் கேளுங்கள். 1944 ஜனவரி, லெனின்கிராட் இன்னும் முற்றுகையில் இருக்கிறது, ரிக்டர் அங்கே போய் வாசித்தார். குண்டு அதிர்ச்சியில் மண்டபத்து யன்னல் கண்ணாடி எல்லாம் போய், சனம் உரோமக் கோட்டைக் கழற்றாமல் இருந்து கேட்டது. 1953இல் ஸ்டாலின் செத்தபோது திபிலிசியில் இருந்தவரை மலர்வளையம் நிரப்பின விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சடலம் வைத்த மண்டபத்தில் அவருக்குக் கொடுத்தது பெடல் வேலை செய்யாத ஒரு மோசமான அப்ரைட். அவர் குனிந்து, கையில் கிடைத்த இசைத்தாள்களை மடித்துப் பெடலுக்கு அடியில் செருகினார். மேலே நின்ற காவலர்களுக்குக் குலை நடுங்கிவிட்டது, குண்டு வைக்கிறான் என்று. இதை அவரே புருனோ மொன்சாஞ்சோவின் ஆவணப்படத்தில் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்கிறார்.

இன்னொன்று. பியானோவைத் தெரிவு செய்வதில்லை என்று அவர் சொன்னதற்கு, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. சுருதி கூட்டுகிறவரிடம் என்னை ஒப்படைத்துவிடுகிறேன் என்பதுதான் அவர் பேச்சு. யமஹாவை அவர் பிடித்துக்கொண்டதும் அதனால்தான் என்பது என் எண்ணம். மிக மெல்லிய ஒலி அதில் வருகிறது என்பார், பியானோவோடு நல்ல தொழில்நுட்பக்காரரும் வருவார்.

வேம்படியாள் | வெள்ளவத்தை | திங்கள் காலை 6:30

யாராவது ரிக்டருடைய அப்பா அம்மாவின் கதையைச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

1941இல் ஜெர்மன் படை ஒடெசாவை நெருங்கியபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வெளியேற வாய்ப்பு இருந்தது. அம்மா மறுத்துவிட்டார். அவர் கவனித்துக்கொண்டிருந்த கொன்ட்ராத்தியெவ் என்ற ஒருவரை விட்டுவிட்டு வர மனமில்லை. அந்த மனிதர் பல வருஷமாக நோயாளியாக நடித்துக் கட்டிலில் கிடந்தவர். அப்பா, அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றார். ஜெர்மன் பெயர், ஜெர்மன் துணைத்தூதரகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பழக்கம். சோவியத் ஆட்களே பிடித்துச் சுட்டுவிட்டார்கள். பிறகு அம்மா அந்த மனிதரோடு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். மகன் மாஸ்கோவில். அம்மாவும் மகனும் திரும்பச் சந்தித்தது 1960இல் நியூயோர்க்கில், 19 வருஷம் கழித்து. கார்னெகி ஹோலில் ஒரே மாதத்தில் கச்சேரிக்கு மேல் கச்சேரி, உலகமே கைதட்டுகிறது, அதற்கு நடுவில் இது.

அமெரிக்காவில் மோசமாக வாசித்தேன் என்று அவர் சொன்னதற்குப் பியானோ தெரிவு மட்டும்தான் காரணமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

விளம்பகாலம் | கொழும்பு 13 | திங்கள் காலை 7:45

இதைப் படித்ததும் அந்த அம்மாவில்தான் கோபம் வருகிறது. புருஷனைப் பலி கொடுத்துவிட்டு.

வேம்படியாள் | திங்கள் காலை 8:02

எனக்கும் முதலில் வந்தது. ஆனால் 1995 ஒக்டோபரில் நாங்கள் போரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்கள். அம்மம்மா வரமாட்டேன் என்று வாசற்படியில் குந்திவிட்டார், மாட்டை யார் பார்ப்பது என்று. அப்பா இழுக்கிறார், அம்மா அழுகிறார். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணை மாட்டை அவிழ்த்துத் துரத்திவிட்ட பிறகுதான் எழும்பினார். போவதா நிற்பதா என்று ஒரு இரவுக்குள் முடிவெடுத்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை.

விளம்பகாலம் | திங்கள் காலை 8:10

மன்னிக்கவும் அக்கா. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதிவிட்டேன்.

சுருதிக்கட்டை | கொட்டாஞ்சேனை | திங்கள் பிற்பகல் 1:20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுங்கள். அப்பாவும் நானும் பியானோ டியூன் பண்ணுகிறவர்கள். மேலே எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், அந்த எஃப் கட்டையை ஒருவரும் பார்க்கவில்லை.

கட்டை என்பது ஒரு நீள மரத்துண்டு. அதில் ஓட்டை போட்டு ஊசியில் செருகியிருக்கும், நடுவில் ஒரு ஊசி, முன்னால் விரல் படுகிற இடத்துக்கு அடியில் ஒரு ஊசி. மரம் உலோகத்தில் உரசாமல் இருக்க அந்த ஓட்டைக்குள் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். ஈரம் ஏறினால் மரமும் உப்பும், துணியும் உப்பும், ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுதான் எழும்பாமல் கிடப்பது. வெயில் வந்தால் சரியாகும், மழை வந்தால் திரும்ப. இதற்கென்று ஒரு குறடு இருக்கிறது, ஓட்டையின் பக்கத்தை மெல்லமாக நசுக்கிவிட்டால் போதும். ஒரு கட்டைக்கு இரண்டு நிமிஷ வேலை. சிலவேளை காரணம் அதைவிடச் சின்னதாக இருக்கும், இரண்டு கட்டைக்கு நடுவில் பென்சில் கூர், அழிறப்பர், ஐந்து ரூபாய்க் குத்தி.

கதவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள். அடித்த வீடுகளில் நான் அழாத குறை. மரம் குடித்துவிடும், துணி கெட்டுவிடும், கம்பி சுற்றியிருக்கிற முளையில் எண்ணெய் இறங்கினால் கம்பி சுருதியில் நிற்கவே நிற்காது.

அப்புறம் உள்ளே ஈரத்தைக் குறைக்க, கீழ்ப் பலகையைக் கழற்றி ஒரு மூலையில் சின்ன பல்ப் ஒன்று எரியவிடுவது எங்கள் ஆட்களின் பழைய வழி. பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், இப்போதைய எல்இடி சூடே தராது. மரத்திலும் துணியிலும் படாமல் கம்பிக் கூடு போட வேண்டும், இல்லாவிட்டால் பியானோ போய் வீடும் போய்விடும். இதற்கென்றே சூடாக்கும் கம்பி விற்கிறார்கள், கிடைத்தால் அது நல்லது. வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். கடல் பக்க யன்னலுக்கு நேரே வேண்டாம்.

எத்தனை வருஷமாக டியூன் பண்ணவில்லை?

கடலோரத்தான் | திங்கள் பிற்பகல் 2:05

கேட்காதீர்கள். பெரியம்மா போன பிறகு பண்ணவே இல்லை. பத்துக்கு மேல் இருக்கும். வெளிச்சுவர்தான், யன்னலுக்கு நேரேதான். மேலே பூச்சாடி வேறு.

சுருதிக்கட்டை | திங்கள் பிற்பகல் 2:09

பூச்சாடியை இப்போதே எடுங்கள். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

சரி. பத்து வருஷம் விட்டால் மொத்தச் சுருதியும் இறங்கியிருக்கும். ஒரே தரத்தில் 440க்கு (ஏ சுரம் நிற்க வேண்டிய ஹெர்ட்ஸ் அளவு) இழுக்கக்கூடாது. அப்ரைட்டில் இருநூறு சொச்சக் கம்பி, எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தின் மேல் இழுக்கிற பாரம் பதினைந்து தொன்னுக்கு மேல். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தளரும். முதலில் குத்துமதிப்பாக ஏற்றிவிட்டு, இரண்டு மூன்று கிழமை கழித்து ஒழுங்காகப் பண்ண வேண்டும். துருப் பிடித்த கம்பி ஒன்றிரண்டு அறுந்தாலும் அறும், பயப்பட வேண்டாம்.

விளம்பகாலம் | கொழும்பு 13 | திங்கள் இரவு 8:40

நான் கர்நாடக சங்கீதக்காரன், பியானோவுக்கும் எனக்கும் தூரம். கமகம் வராத வாத்தியம் என்று தள்ளி வைத்திருந்தவன். இந்த இழையால் நேற்று இரவு ரிக்டர் வாசித்த, ஷூபர்ட் என்ற இசையமைப்பாளரின் பி ஃபிளாட் சொனாட்டாவைக் கேட்டேன், அந்தக் கடைசி சொனாட்டா. முதல் பகுதி மட்டும் 24 நிமிஷம்! வேறு ஆட்கள் வாசித்ததைத் தேடினேன், இருபதைத் தாண்டுகிறவர்களே குறைவு. தொடக்கத்தில் ஒரு அமைதியான ராகம், அது முடிகிற இடத்தில் கீழ்ச் சுரத்தில் ஒரு உறுமல், பிறகு மௌனம். அந்த மௌனத்தை அவர் பிடித்து வைத்திருக்கிற நேரம் இருக்கிறதே, எங்கள் பெரியவர்கள் தோடியில் காந்தாரத்தில் நின்றுகொண்டு அசையமாட்டார்களே, அது ஞாபகம் வந்தது. ஆறப்போட்டு வாசிக்கத் துணிவு வேண்டும். சனம் இருமும், கைக்கடிகாரம் பார்க்கும்.

மெலோடியாத்தட்டு | திங்கள் இரவு 9:10

நல்ல காது உங்களுக்கு. கனடாப் பியானோக்காரர் கிளென் கூல்ட் 1957இல் மாஸ்கோவில் ரிக்டரின் ஷூபர்ட்டைக் கேட்டுவிட்டு இதையேதான் சொன்னார். ஷூபர்ட்டில் ஒன்றே திரும்பத் திரும்ப வருவதெல்லாம் கூல்டுக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கு மயங்கிப்போய் இருந்துவிட்டாராம்.

இருமல் என்றதும் 1958 சோஃபியா கச்சேரி. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் "ஓவியக் கண்காட்சி" என்ற பியானோ உருப்படியின் ஒலிப்பதிவு. குளிர்காலம், மண்டபம் முழுக்க இருமல், தொடக்கத்திலேயே பிழைச் சுரம். அப்படியிருந்தும் உலகம் முழுக்க அந்தத் தட்டைத்தான் தேடி வாங்கினார்கள். என்னிடம் இருப்பதில் கீறல் விழுந்து மூன்றாவது ஓவியத்தில் ஊசி துள்ளும். இப்போது துள்ளாமல் கேட்டால் எனக்கு என்னவோ குறைகிற மாதிரி இருக்கிறது.

ரீச்சரக்கா | திங்கள் இரவு 9:35

அவர் எல்லாவற்றையும் வாசித்தவரும் இல்லை. பேதோவனின் ஐந்தாவது பியானோ கன்சேர்ட்டோவை (வாத்தியக்குழுவோடு வாசிக்கிற உருப்படி), எல்லாப் பெரிய பியானோக்காரரும் வாசிப்பதை, அவர் தொடவே இல்லை. நெய்காவுஸ் அதை வாசித்த மாதிரி இனி வாசிக்க முடியாது என்பது காரணம். குருவின் கிருதி என்று ஒதுக்கி வைத்த மாதிரி, இல்லையா விளம்பகாலம்?

ஆனால் வாசித்ததை வாசித்த விதம்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. ஒரு பக்கத்தை எடுப்பாராம். அது கையில் வரும்வரை அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டார். கஷ்டமான இடத்தை நூறு தரம். மூன்று மணித்தியாலம்தான் பழகுவேன் என்று அவர் சொன்னதைக் கூட இருந்தவர்கள் அவ்வளவாக நம்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரயில்சத்தம் | கொள்ளுப்பிட்டி | திங்கள் இரவு 10:20

கொஞ்சம் விலகிப் பேசினால் குற்றமா? கொழும்பும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. லயனல் வென்ட் என்றால் இன்றைக்குத் தியேட்டர் பெயர். அந்த மனிதர் (1900–1944) லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துவிட்டு வந்து, சட்டத்தை விட்டுப் பியானோக்காரராக இருந்தவர், படப்பிடிப்பில் பெயர் எடுத்தது பிறகு. 1929இல் பாப்லோ நெரூடா சிலி நாட்டுத் துணைத்தூதராக இருந்த கவிஞர், குடியிருந்தது எங்கே? வெள்ளவத்தையில். அவருக்கு வென்ட் ஒவ்வொரு கிழமையும் ஒரு சைக்கிள்காரனிடம் மூட்டை நிறையப் புத்தகம் கொடுத்து அனுப்புவாராம். கடலோரத்தானின் ஒழுங்கை வழியாகவும் அந்தச் சைக்கிள் போயிருக்கலாம்.

இன்றைக்கு ரொஹான் டி சில்வா இருக்கிறார். கொழும்பில் பிறந்து நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் கற்பிக்கிற பியானோக்காரர், வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனோடு உலகம் சுற்றி வாசிப்பவர். 1990 மாஸ்கோ சாய்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த பக்கவாத்தியக்காரர் பரிசு அவருக்கு. இந்த ஊரின் ஈரக்காற்றில்தான் அவரும் பிறந்தார்.

கொட்டாஞ்சேனைப்பொடியன் | திங்கள் இரவு 10:31

அந்தச் சாய்கோவ்ஸ்கி போட்டியின் முதல் வருஷம், 1958இல், ரிக்டர் நடுவர். அமெரிக்கப் பெடியன் வான் கிளைபர்னுக்கு முழு மார்க்ஸ், கனபேருக்கு முட்டை என்று சொல்வார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சேர் இப்படித்தான். அவருக்குப் பியானோ தெரியாது.

ரயில்சத்தம் | திங்கள் இரவு 10:44

அந்த விளக்கைப் பற்றி மகளுக்குச் சொன்னீர்களா கடலோரத்தான்? வயதான பிறகு அவர் மேடையை இருட்டாக்கி, இசைத்தாளுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு வைத்து, தாளைப் பார்த்தே வாசித்தார். என் முகத்தையும் விரலையும் ஏன் பார்க்கிறீர்கள், பாட்டைக் கேளுங்கள் என்று. இன்னொரு காரணமும் உண்டு. கடைசிக் காலத்தில் காது அவரை ஏமாற்றத் தொடங்கியது. சுத்தமான ஸ்வரஞானம் உள்ளவர், ஆனால் அமுக்கின சுரம் ஒன்று, காதில் விழுவது அதற்கு மேலே இன்னொன்று. கை ஒன்று சொல்ல, காது இன்னொன்று சொல்ல, எதை நம்பி மனப்பாடமாக வாசிப்பது?

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எங்கள் மாடியில் டிஜிட்டல் கீபோர்ட் வைத்திருந்த மூன்று வீடும் ஊமை. கீழ்வீட்டு ஆன்ரியின் பழைய பியானோ மட்டும் வாசித்தது. அவர் போன் டோர்ச்சை ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் நிறுத்தி வைத்து வாசிப்பார். படிக்கட்டில் இருந்து கேட்போம், வியர்க்க வியர்க்க. அது ஏ-யா பி-யா என்று பியானோவுக்கே சந்தேகம், அவ்வளவு இறங்கின சுருதி.

சுருதிக்கட்டை | செவ்வாய் காலை 7:05

காது ஏமாற்றியதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் தொழிலில் அதைவிடப் பயங்கரம் இல்லை. அப்பாவுக்கு இப்போது மேல் ஒக்டேவ் சரியாகக் கேட்பதில்லை, கடைசி ஒன்றரை ஒக்டேவ் நான்தான் பண்ணுகிறேன். அவர் பக்கத்தில் நின்று கட்டையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவார்.

கடலோரத்தான், இடத்தைத் தனிமடலில் அனுப்புங்கள். சனிக்கிழமை வருகிறோம்.

கடலோரத்தான் | சனி மாலை 6:50

தகவல் சொல்ல வந்தேன்.

அப்பாவும் மகனும் காலை ஒன்பதரைக்கு வந்தார்கள். பெரியவர் முதலில் பியானோவைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நால்வரும் சேர்ந்து அதை உள்சுவருக்கு நகர்த்தினோம், நிலத்தில் அது நின்ற இடம் மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

முன்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு கரப்பான் குடும்பம், இரண்டு கொண்டை ஊசி, பெரியம்மாவின் கையெழுத்தில் ஒரு சலவைக் கணக்கு. எஃப் கட்டைக்குப் பென்சிலும் இல்லை, குத்தியும் இல்லை, சொன்ன மாதிரியே உப்பின துணிதான். மகன் குறடு பிடித்தார், பெரியவர் "போதும்" என்றார். அந்தப் "போதும்" வந்த கணத்தை மகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "தாத்தா, கேட்காமலே எப்படித் தெரியும்?" அவர் அவளுடைய விரலைப் பிடித்துக் கட்டையின் மேல் வைத்து, மெதுவாக அமுக்கி விடச் சொன்னார். பத்துத் தரம். அவ்வளவுதான் பாடம்.

இரண்டு கம்பி அறுந்தது. சுருதி முக்கால்வாசி ஏறியிருக்கிறது, மிச்சம் மூன்று கிழமையில்.

ரிக்டர் சமாசாரத்தில் மகள் கட்சி மாறிவிட்டாள். "அவர் பியானோவைத் தெரிவு செய்யவில்லை, டியூனரைத் தெரிவு செய்திருக்கிறார்" என்று ரீச்சரிடம் சொல்லப் போகிறாளாம். ரீச்சரக்கா, இதற்கு அவர் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?

ரீச்சரக்கா | சனி இரவு 7:30

நான் என்றால் மூன்று மணித்தியாலக் கதையை எடுப்பேன். இடது கை இன்னும் எஃபுக்குப் போகிறதா?

கடலோரத்தான் | சனி இரவு 7:41

போகிறது. கட்டை தானாக எழும்பிவிடுகிறது, விரல் வெறும் காற்றை நெம்பிவிட்டு வருகிறது. அவளுக்கே சிரிப்பு.

இப்போது மழை பிடித்திருக்கிறது. பக்கத்து ஜி கொஞ்சம் சோம்பல் காட்டுகிறது. சுருதிக்கட்டை, பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.